கண்டக்டரம்மாவின் கால்வலி

பிரம்மசக்தியின் காலில் கல் குத்தினால் 'ஆ' என்று கத்துவது இஸ்ரவேல். அவள் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் விடிந்தும் விடியாமலும் ஓடிக்கொண்டிருப்பாள். அவன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தன் வீட்டு முற்றத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான். அவளுக்குக் கல் குத்திய அதே நொடியில் இவன் சட்டையில் காபி கொட்டும்.

"கண்டக்டரம்மா, கீழ பாத்து ஓடுங்க!" என்று காதுக்கருவியில் சத்தம் போடுவான்.

"ஐயையோ, எந்தக் கால்ல?" என்று அவள் ஓடிக்கொண்டே கேட்பாள்.

தன் எந்தக் காலில் குத்தியது என்று அடுத்த ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. என்ன செய்வது!

ஷூவின் மெத்தைக்குள் செருகிக்கொள்ளும் உணரிகளும், முழங்காலுக்கு மேல் சுற்றிக்கொள்ளும் ஒரு பட்டையும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. பட்டை காலின் வலியை மட்டும் வழிமறித்துப் பிடித்துக்கொள்ளும். தரை தெரியும், வேகம் தெரியும், வலி தெரியாது. பிடித்த வலி, இடுப்பில் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆளுக்குப் போய்விடும். அந்த ஆளுக்குத் 'தாங்கி' என்று பெயர். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வலி எத்தனை என்று பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வது தாங்கியின் வேலை.

இஸ்ரவேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அன்றைக்குப் போன உணர்வு திரும்ப வரவில்லை. கடலோர ஓட்டக் குழுவின் டாக்டர் ஜுலைஹா அவனைத் தேடி வந்தபோது அவனுக்கு நாற்பத்துநாலு வயது. வேலை தேடிக் களைத்து, தேடுவதையும் விட்டிருந்தான்.

"எதுக்கு டாக்டர் இவ்வளவு சுத்தி வளைச்சு? வலிய அப்படியே அணைச்சு விட்டுர வேண்டியதுதான?" என்று கேட்டான்.

"அணைச்சுப் பாத்தாச்சு. முதல்ல அப்படித்தான் ஷூ வித்தாங்க. எலும்பு முறிஞ்சது தெரியாமலே மூணு கிலோமீட்டர் ஓடியிருக்காங்க ஆளுங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு. வலி யாருக்காவது போய்ச் சேரணும்னு."

"ஒரு மெஷினுக்குப் போய்ச் சேந்தா ஆகாதா?"

"அதுவும் பாத்தாச்சு. மெஷின் 'ஏழு, ஏழு'ன்னு கத்தும். ஓடுறவங்க அத அமுக்கிட்டு ஓடிருவாங்க. ஒரு மனுசன் காதுக்குள்ள 'ஐயோ'ன்னு சொன்னாத்தான் நிக்கிறாங்க."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"கால்ல சொந்த வலி இருக்கிறவங்களுக்கு எது தன் வலி, எது அடுத்தவங்க வலின்னு குழம்பிரும். பெல்ட் முதுகெலும்பு வழியா போகாது, வலிய நேரா மூளைக்கே அனுப்பிரும். உங்க கால் காலியா இருக்கு இஸ்ரவேல்."

பதினொரு வருடமாக எல்லோரும் அவன் காலைப் பற்றி 'த்சொ த்சொ' சேர்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். காலி வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கிற மாதிரி இந்த அம்மாள் கேட்டது அவனுக்குப் பிடித்துவிட்டது.

டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் 'ஓடுபவருக்கும் தாங்கிக்கும் உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'எதுவுமில்லை' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள்.

"சொந்தக்காரங்க தாங்கியா உக்காரக் கூடாது," என்றாள் ஜுலைஹா. "அம்மாமார் ரெண்ட ஆறுன்னு சொல்லுவாங்க, பிள்ளை ஓடினது போதும்னு. புருசன்மார் ஆற ரெண்டுன்னு சொல்லுவாங்க, பொண்டாட்டி ஜெயிக்கட்டும்னு. பாசம் உள்ள எடத்துல எண்ணு சரியா வர்றதில்ல. அஞ்சு வந்தா எங்கிட்ட சொல்லணும், நான் ஓட்டத்த நிறுத்திக் காலப் பாப்பேன். எட்டு வந்தா அந்த நிமிசமே நில்லுன்னு சொல்லணும். இதுல ஒரு எண்ணு கூடக் குறையச் சொன்னா கால் போயிரும். புரியுதா?"

"அவங்க யாரோ, நான் யாரோ. எனக்கு என்ன டாக்டர் பொய் சொல்லணும்னு?" என்றான் இஸ்ரவேல். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னான்.

ஊர் உலகத்தில் தாங்கிகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். பெரிய நகரங்களின் அடுக்குமாடிகளில் ஓடுகிறவர்கள் மேலே பூங்காவைச் சுற்ற, தரைத்தளத்து அறையில் தாங்கிகள் வரிசையாக உட்கார்ந்து முனகினார்கள். கல்யாண மேடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும் ஒரு தாங்கி வைக்கிறார்கள் என்று கேள்வி. ஒருவர் வலியை இன்னொருவர் சுமப்பது சரியா தப்பா என்று இஸ்ரவேல் போகும் கோயிலில் போதகர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். முடிவில் அவர் சரி என்றாரா தப்பு என்றாரா என்று சபையில் யாருக்கும் விளங்கவில்லை.

பிரம்மசக்தி தூத்துக்குடி திருச்செந்தூர் பேருந்தில் கண்டக்டர். பதினாலு வருடம் அதே சாலையில் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறாள். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தபோது வயது முப்பத்தொன்பது ஆகியிருந்தது. அந்த மாதம்தான் ஓட்டக் குழுவில் பெயர் கொடுத்தாள்.

"இந்த ரோட்டுல உள்ள அத்தன பள்ளமும் எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணுகூட என் காலுக்குத் தெரியாது. தை மாசம் நடக்கிற நெடுந்தூர ஓட்டத்துல முழுசா நாப்பத்திரெண்டு கிலோமீட்டரும் ஓடிறணும் அண்ணாச்சி," என்று முதல் நாள் அவனிடம் சொன்னாள்.

"ஓடுங்க. நான் உக்காந்திருக்கேன்," என்றான் இஸ்ரவேல்.

அவள் முதல் தடவையாக மூன்று கிலோமீட்டர் ஓடிய காலையில், இஸ்ரவேலின் வலது முழங்கால் வலித்தது. லேசாக, ஒன்றரை இருக்கும். அவன் குனிந்து முழங்காலைப் பார்த்தான். பதினொரு வருடமாக அது கண்ணுக்கு மட்டும் தெரிந்த முழங்கால். இப்போது அது இருக்கும் இடம் உள்ளிருந்து தெரிந்தது. எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்து அழுதான்.

"அண்ணாச்சி, ரொம்ப வலிக்கோ?" என்று காதில் அவள் பதறினாள்.

"இல்ல இல்ல. ஒண்ணுதான். நீங்க ஓடுங்க, நிப்பாட்டாதிய."

ஷூ வாங்கப் போனதுதான் பெரிய கூத்து. கடைக்காரர் மெத்தைமேல் மெத்தை வைத்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, "இதப் போட்டா மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கும்க்கா," என்றார். பிரம்மசக்தி கடை வாசலில் அந்தச் சந்தின் கோடிவரை ஓடித் திரும்பினாள். சுகமாகத்தான் இருந்தது. வலியே தெரியாதவளுக்கு எந்த ஷூதான் சுகமாக இருக்காது! கடைக்காரர் விலைச்சீட்டைக் கிழிக்கக் கை நீட்டியபோது, ஓரமாக நாற்காலியில் இருந்த இஸ்ரவேல், "அது வேண்டாம், கழத்துங்க," என்றான்.

"சார், ஓடினது அவங்க..." என்றார் கடைக்காரர்.

"வலிச்சது எனக்கு. மெத்தை கூடிப்போச்சு, பாதம் உள்பக்கமா சாயுது. முழங்காலுக்கு உள்ள சுள்ளுன்னு இழுக்கு. சுண்டுவிரல வேற கடிக்குது. முன்பக்கம் அகலமா, மெத்தை நடுத்தரமா ஒண்ணு எடுங்க. ஒரு சைஸ் கூட."

ஆறு ஜோடி மாறியது. ஆறாவது ஜோடியில் அவள் ஓடித் திரும்பும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது பேசாம இருக்கு. இதையே எடுங்க," என்று தீர்ப்பு வந்தது. ஓர் அடி நடக்காத மனிதன் தன் கடையில் ஷூ பொறுக்கிய கதையை அந்தக் கடைக்காரர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு விஷயத்திலும் அவன் சொல்தான் எடுபட்டது. நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் வழியில் உறிஞ்சும் பசை போன்ற பாக்கெட் அவளுக்குக் குமட்டியது. கருப்பட்டி, சுக்கு, கொஞ்சம் உப்பு சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் உருண்டை, இரண்டு மடக்குத் தண்ணீர். கண்டக்டர் வேலைப் பழக்கமோ என்னவோ, இதை மட்டும் அடிக்கடி மறந்துவிடுவாள். யார் எங்கே இறங்க வேண்டும் என்று நினைவிருக்கும், தான் சாப்பிட வேண்டியது நினைவிருக்காது.

"உருண்டை தின்னியளா?" என்பான் இஸ்ரவேல்.

"ஐயோ, மறந்துட்டேன். எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"கெண்டைக்கால் முறுக்குதுல்லா! உப்பு இல்லாம அது இங்க என் உசுர எடுக்கு. தின்னுட்டு ஓடுங்க."

மழைக்காலம் வந்தபோது அவள் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் பேச்சு ஓட்டத்தைவிட்டு விலகி எங்கெங்கோ போய்விடும். பேருந்தில் தினமும் ஏறும் ஒரு கிழவர் தினமும் அதே பத்து ரூபாய்க் கிழிசல் நோட்டை நீட்டுவது, கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் கடல் எப்படித் தெரியும் என்பது, இப்படி. எந்த மாதத்தில் என்று சொல்ல முடியாது, அவள் வாயிலிருந்து 'அண்ணாச்சி' உதிர்ந்துபோனது. அதற்குப் பதிலாக வேறெதுவும் வரவில்லை. "ஏங்க, கேக்குதா?" என்று மட்டும் தொடங்குவாள். இஸ்ரவேல் இதைக் கவனித்தான். கவனித்ததை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது இடது கணைக்காலின் உள்பக்கத்தில் ஒரு புது வலி வந்தது. பதினெட்டாவது கிலோமீட்டரில் தொடங்கியது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு, அதன்மேல் மிளகாயை அரைத்துத் தடவியது போல எரிந்தது. தசைவலிக்கு அவன் பழகியிருந்தான். தசைவலி பரவலாக வரும், போகப் போகத் தணியும். இது தணியவில்லை. ஐந்து.

"பதினெட்டு. எத்தன?" என்றாள் பிரம்மசக்தி.

ஐந்து என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் ஆறு வாரம் ஓடக்கூடாது என்பாள். தை மாதம் போய்விடும். இது அவனுக்குத் தெரியும். இதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது, அதுவும் அவனுக்குத் தெரியும். ஆறு வாரம் அவள் குரல் காலையில் வராது. அவன் காலும் வராது. அவள் ஓடாத நாட்களில் இடுப்புக்குக் கீழே மறுபடியும் அந்த ஒன்றுமில்லாமை. வலியாக வந்தாலும் அவனுக்கு வந்தது கால் அல்லவா!

"ரெண்டு," என்றான்.

மறுநாள் மனம் உறுத்தியது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். "அந்த ஷூ எழுநூறு கிலோமீட்டர் ஓடிட்டு, மெத்தை செத்துப்போச்சு. புதுசு மாத்துங்க," என்றான். அவள் அதே ரகத்தில் புது ஜோடி வாங்கினாள். ஒரு வாரம் வலி மூன்றுக்கு இறங்கியது. இஸ்ரவேல் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் அது ஐந்துக்கே வந்து உட்கார்ந்தது. அவனும் இரண்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

போட்டி நாள். ஓடுகிறவர்கள் தூத்துக்குடியில் விடியலில் புறப்பட்டார்கள். தாங்கிகளுக்குத் திருச்செந்தூரில், ஓட்டம் முடியும் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. இருபத்துமூன்று பேர், பல் டாக்டர் வாசலில் காத்திருக்கும் கூட்டம் போல உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். நேரம் போகப் போக ஒருவர் 'யம்மா' என்றார், ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டார், ஒரு பாட்டுக்காரர் பல்லைக் கடித்தபடி மெதுவாகப் பாடினார். டாக்டர் ஜுலைஹா நடுவில் நடந்துகொண்டே, "திரும்பவும் சொல்றேன். எட்டு வந்தா ரெண்டே வழிதான். ஓடுறவங்க வண்டியில ஏறணும். இல்ல, வலியத் திருப்பி வாங்கிக்கிட்டு சொந்தப் பொறுப்புல நடக்கணும்," என்றாள்.

பழையகாயல் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. முக்காணியில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது பிரம்மசக்தி, "ஏங்க, தண்ணி ரெண்டு பக்கமும் நெறஞ்சு போவுது. பஸ்ல போகும்போது சில்லறை எண்ணிக்கிட்டே இதப் பாக்காம விட்டுருக்கேன்," என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. கணைக்காலில் அப்போதே ஐந்து.

"எத்தன?"

"ரெண்டு. உருண்டை தின்னுங்க."

ஆறுமுகநேரி உப்பளங்கள் வந்தபோது ஆறு. அவன் மூன்று என்றான். முப்பத்துநாலில் ஏழு. நான்கு என்றான். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. டாக்டர் வந்து நின்றாள்.

"சட்டை இப்படி நனைஞ்சிருக்கு. எவ்வளவு இஸ்ரவேல்?"

"நாலுதான் டாக்டர். வெயிலு."

பந்தலுக்குள் ஏது வெயில்? டாக்டர் அவனையே பார்த்தாள். அதற்குள் கோடியிலிருந்து யாரோ அலற, அங்கே போய்விட்டாள்.

இன்னும் எட்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரம். தாங்கிவிடலாம் என்று இஸ்ரவேல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தாங்க அவனால் முடியும், அதில் சந்தேகமில்லை. முப்பத்தாறைத் தாண்டியதும் அவளுடைய ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி தனியாகத் துடித்தது. மற்ற இடமெல்லாம் அடங்கி அந்த ஒரு புள்ளி மட்டும் பேசியது. ஒன்பது மாதம் அந்தக் காலோடு வாழ்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எலும்பு. அவனால் தாங்க முடியும். எலும்பால் முடியாது.

அந்தக் கால் முறிந்தால், தான் பந்தலில் உட்கார்ந்து ஜெயித்துக்கொடுத்த ஒரு பதக்கத்தோடு அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பாள். பிறகு ஓடும் பேருந்தில் நின்று டிக்கெட் கிழிக்க எந்தக் காலால் போவாள்?

"எட்டு! நில்லுங்க!" என்று கத்தினான்.

காதில் அவள் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, "என்னது?"

"எட்டு. ஓடாதிய. அப்படியே நில்லுங்க, கண்டக்டரம்மா!"

"இப்பத்தான நாலுன்னு சொன்னிய? நாலு எப்படிங்க ஒரு கிலோமீட்டர்ல எட்டாவும்?"

"நாலு இல்ல. அது ஏழு. அதுக்கு முன்னாடி மூணு இல்ல, ஆறு. ஆறு வாரமா ரெண்டுன்னு சொன்னேனே, அது பூராம் அஞ்சு. எல்லாம் பொய்."

பந்தலில் பக்கத்து நாற்காலிக்காரர் முனகலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஜுலைஹா ஓடிவந்து, தன் காதுக்கருவியையும் அவர்கள் பேச்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். கணைக்காலின் துடிப்பு நின்றது. அவள் நின்றுவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"எதுக்கு?" என்றாள் பிரம்மசக்தி. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"நீங்க ஓடணும்னு ஆசைப்பட்டிய. அதுவும் உண்டு. அது மட்டும் இல்ல. காலைல உங்க சத்தம் கேக்காம போயிரும்னு நெனச்சேன். என் காலு இல்லாம போயிரும்னு நெனச்சேன். உங்க காலப் பத்தி நெனைக்கல. தப்புதான். பெரிய தப்பு."

லாரி ஒன்று அவளைக் கடந்து போகும் சத்தம் மட்டும் வந்தது.

"குடுங்க," என்றாள் அவள்.

"என்ன?"

"என் வலிய என்கிட்ட குடுங்க. எங்கால நானே பாத்துக்கிடுதேன். நடந்தே போயிக்கிடுதேன்."

சட்டம் அவள் பக்கம். டாக்டர் சம்மதமாகத் தலையை அசைத்தாள். இஸ்ரவேல் பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தான். அந்தக் கொக்கியைக் கழற்றினால் அவளுக்கு எட்டு போகும், தனக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் ஒரு நொடி இருந்தான். பிறகு கழற்றினான்.

இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தது. கால் இருந்த இடத்தில் இரண்டு பேண்ட் குழாய்கள் தொங்கின.

"கண்டக்டரம்மா? எத்தனைங்க?" என்றான்.

முதலில் பல்லுக்கிடையில் இழுத்த ஒரு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. பிறகு, வெகு சாதாரணமாக, டிக்கெட் இல்லாத பயணியிடம் பேசும் அதே நிதானத்தோடு, "ரெண்டுதான். பயப்படாதிய," என்றாள்.

இஸ்ரவேலின் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. அரை நிமிடம் முன்புவரை அந்த வலி அவனிடம்தான் இருந்தது. அது எத்தனை என்று அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்!

டாக்டர் ஜுலைஹா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கையிலிருந்த படிவத்தில் அச்சடித்திருந்த 'எதுவுமில்லை'யைப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

"உங்க தாங்கி அட்டையக் கிழிச்சுப் போடணும் நான். ஆறு வாரம், இஸ்ரவேல்! நாளைக்கு வெச்சுக்கிறேன் உங்கள," என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "அந்தப் பிள்ளையும் உங்க கிட்டப் பொய் சொல்லியாச்சு. இனிமே உங்க ரெண்டு பேரையும் நான் ஜோடியா அனுப்ப முடியாது. வண்டியில ஏறுங்க," என்றாள்.

காயல்பட்டினம் தாண்டி, ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். நூறு அடிகூட நடந்திருக்க மாட்டாள். இடது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலையில் போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். வண்டி நிற்பதைப் பார்த்ததும் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

ஒன்பது மாதத்தில் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது நாலைந்து தடவைதான். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தாள். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், முறியவில்லை என்று நினைக்கிறேன், இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தால் முறிந்திருக்கும் என்றாள். கட்டுப் போடும் சாமான் எடுக்க வண்டிக்குப் போனாள்.

இஸ்ரவேல் நாற்காலியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இதையா ஆறு வாரம் வெச்சுக்கிட்டு இருந்திய?" என்றாள் பிரம்மசக்தி. மூக்கு இன்னும் அடைத்திருந்தது. "இதை வெச்சுக்கிட்டா என்கிட்ட கிழவர் கதை கேட்டுச் சிரிச்சிய? நீங்க மனுசனா என்ன?"

அவன் ஓரமாகக் கிடந்த ஷூவை எடுத்து மணலைத் தட்டினான்.

"எனக்கு வாற கோவத்துக்கு உங்கள இந்தப் பாலத்துல இருந்து தள்ளி விட்டுருவேன். ஆறு கிலோமீட்டர்ங்க. இன்னும் ஆறுதான் இருந்துச்சு."

"அடுத்த தை இருக்கு."

"அடுத்த தைக்கு யாரு தாங்குவா? டாக்டரம்மா உங்கள விடுவாங்களா?"

"விட மாட்டாவ. வேற ஆள் போடுவாவ. நான் உருண்டை பிடிச்சுத் தாரேன். ஷூ பாத்து எடுத்துத் தாரேன்."

ஓட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவர்களைக் கடந்து போனார்கள்.

"இனிமே என்கிட்ட பொய் சொல்லுவியளா?"

"மாட்டேன்."

"எதுலயும்?"

"எதுலயும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

காலைத் தொங்கப்போட்டால் ரத்தம் இறங்கி வலி கூடும், உயர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள் டாக்டர். கட்டைச் சுவரில் வைக்க இடமில்லை. பிரம்மசக்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு இடது காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, அவன் மடியில் வைத்தாள்.

தொடையில் பேண்ட் துணி அமுங்கியது. அவளுடைய குதிகாலும் அதில் ஒட்டியிருந்த சாலை மணலும் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. பெல்ட் பந்தலிலேயே கிடந்தது. இஸ்ரவேல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கனக்குதா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா," என்றான் இஸ்ரவேல். "நல்லா கனக்குது."

பிரம்மசக்தி அவன் முகத்தைப் பார்த்தாள். காலை எடுக்கவில்லை.